சின்னப் பாய்மரப் படகில் கிரீன்லாந்து ஃபியோர்டுகளுக்குள் போவது எப்படி இருக்கும்? ஆபத்தா?

போகலாம். நான் போனது கிழக்குக் கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சுண்ட் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். உலகின் மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி அது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, கிளை கிளையாகப் பிரிந்து சுமார் 350 கிலோமீட்டர் உள்ளே போகிறது.

காலம்தான் முக்கியம். ஆர்க்டிக் பெருங்கடலின் பனி நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி, ஃபியோர்டின் வாயை ஆண்டில் பெரும்பகுதி அடைத்துக்கொள்கிறது. 1936இல் நந்தா தேவி உச்சியை முதன்முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டில்மன், பிற்காலத்தில் பழைய பாய்மரப் படகுகளில் இங்கே வர 1968 முதல் 1972 வரை திரும்பத் திரும்ப முயன்றார். ஒரு படகை யான் மாயன் தீவருகே இழந்தார், இன்னொன்றைக் கிரீன்லாந்துக் கரையில். கடைசிவரை உள்ளே நுழைய முடியவில்லை.

இன்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்த பனி வரைபடங்கள் கிடைக்கின்றன. அப்படியும் அன்றன்றைய வழியைப் பனிதான் முடிவு செய்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை போவது நல்லது. கடல்பனி குறைந்திருக்கும், கொசுவும் இருக்காது. இரவு மறுபடி இருட்டத் தொடங்கியிருப்பதால் வடதுருவ ஒளியும் தெரியும்.

உள்ளே பெரும்பாலும் காற்றே இருக்காது. பாய் விரித்துப் போகும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர் என்பதால் நங்கூரம் போட இடம் கிடைப்பது அரிது. கரடித் தீவுகள் போன்ற சில இடுக்குகளில்தான் நிறுத்த முடியும். இரவில் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். மிதந்து வரும் பனித்துண்டுகளை நீளக் கழியால் தள்ளிவிட வேண்டும். அந்தக் காவல் நேரம்தான் எனக்கு இந்தப் பயணத்தின் உயிர். பாதியிரவில் தொலைவில் ஒரு பனிப்பாறை உடையும், சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வந்து சேரும், கொஞ்ச நேரம் கழித்துப் படகு மெல்ல ஆடும். ஒரு பெரிய கப்பலின் அறைக்குள் இருந்து இதை உணரவே முடியாது.

பனிப்பாறை எந்த நேரமும் புரளலாம். அதனால் படம் எடுக்கவென்று பக்கத்தில் போகச் சொல்லி யாரும் கேப்டனை வற்புறுத்தக் கூடாது. கரை இறங்கும்போது துருவக் கரடிக்காக வழிகாட்டி துப்பாக்கியோடு முன்னே போவார், அவரை விட்டு விலகக் கூடாது.

வாயருகே இட்டோக்கோர்டோர்மீட் என்ற ஊர் இருக்கிறது. 1925இல் தெற்கேயிருந்து வந்த இனுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்கள் குடியேறிய ஊர், இப்போது நானூறு பேர்கூட இல்லை. கடல்வேட்டை இன்றும் அவர்கள் வாழ்க்கை. சரக்குக் கப்பல் கோடையில் ஓரிரு முறைதான் வரும், அதனால் உங்கள் சாப்பாட்டுக்கு அவர்களுடைய கடையை நம்பிப் போகாதீர்கள்.

சொந்தப் படகில் முதல் பயணமாக இது வேண்டாம். ஐஸ்லாந்திலிருந்து விமானத்தில் இந்த ஃபியோர்டுக்கு அருகிலுள்ள நெர்லெரிட் இனாட் விமான நிலையத்துக்குப் போய், அங்கே வந்து நிற்கும் படகில் ஏறிக்கொள்ளலாம். பணம் கட்டும் முன், பனி வழியை அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேப்டனிடம் கேளுங்கள். எங்கே திரும்புவார், எங்கே காத்திருப்பார் என்று விவரமாகச் சொல்பவரோடு போங்கள். எப்படியும் கூட்டிப்போய்விடுவேன் என்பவரோடு போகாதீர்கள்.