படத்தை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்

ரீச்சரிடம் கேளுங்கள்: திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்

கேள்வி: என் மகன் தரம் 3 படிக்கிறான். தமிழ்ப் புத்தகத்தில் பழைய பாடங்களைக் கடகடவென்று சொல்வான். புதிதாக ஒரு பந்தியைக் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். சொல்வதெழுதலில் பத்துக்கு இரண்டு, மூன்றுதான் வருகிறது. கணக்கும் குறைவு. வகுப்பு ரீச்சர், 'கவனமில்லை' என்கிறார். மூத்தவள் தரம் 5, புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாள், அவளால் ஒரு கரைச்சலும் இல்லை. இவருக்குக் கடற்றொழில். இரவில் மகனின் கொப்பியைப் பார்த்தால் கை நீட்டிவிடுவார். ஒரு ரியூசனுக்குப் போகிறான். இன்னொன்றும் போட்டால் சரிவருமா?
- ஒரு தாய், சாம்பல்தீவு

பதில்: வேண்டாம் தங்கச்சி. முடிந்தால் முதலாவதையும் ஒரு தவணைக்கு நிறுத்திப் பாருங்கள். வாங்கில் நெருக்கி இருத்தி, பலகையில் உள்ளதைப் பார்த்தெழுத வைக்கும் இடத்தில் பிள்ளை பார்த்தெழுதத்தான் பழகும். அது அவனுக்கு ஏற்கெனவே வரும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் 'கடகட'தான். பழைய பாடத்தை அவன் வாசிக்கவில்லை, ஒப்புவிக்கிறான். அக்கா படித்தபோது காதில் விழுந்தது, வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொன்னது, பக்கத்தில் உள்ள படம், இவ்வளவையும் வைத்துப் பாடத்தை அப்படியே மனதில் ஏற்றி வைத்திருக்கிறான். மொக்குப் பிள்ளைக்கு இது ஏலுமா? படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொற்களை ஒரு கடதாசியில் குறியுங்கள். அந்த நேரம் ஏசவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்.

ஒரு கிழமை கழித்து அந்தக் கடதாசியைப் பார்த்தால் பிழைகள் ஓரிரண்டு இடங்களில் குவிந்திருப்பது தெரியும். நான் பார்த்த பிள்ளைகளில் அநேகருக்குச் சிக்கல் கொம்பில்தான் இருந்தது. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டு, அவை சேரும் விதமும் விளங்கினால் மிச்சம் தானாக வரும். அந்தச் சேரும் விதத்தில்தான் வில்லங்கம். 'கா'வில் குறி எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, சத்தமும் பின்னால் வருகிறது. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால், சத்தம் பின்னால். 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் போகிற பிள்ளை 'கோழி'யைக் 'கேரழி' என்று வாசிக்கும். அந்தக் கால் அதன் கண்ணுக்கு 'ர'. கவனமில்லாத பிள்ளை இப்படி வாசிக்காது, ஒவ்வொரு குறியையும் கவனிக்கிற பிள்ளைதான் வாசிக்கும். நம்முடைய ஊர்ப் பெயரையே பாருங்கள், திருகோணமலை என்ற ஒரு சொல்லுக்குள் 'கோ'வும் இருக்கிறது, 'லை'யும் இருக்கிறது.

சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், இவற்றைத் தனித்தனியாக வெட்டுங்கள். க, த, ப, ம என்று நான்கு எழுத்தையும் வெட்டுங்கள். 'த'வை நடுவில் வைத்து, முன்னுக்கு இரட்டைக் கொம்பு, பின்னுக்குக் கால். 'தோ' என்று அவனே வைத்து, அவனே சொல்லட்டும். பிறகு தோணி. அடுத்ததாகத் தகப்பனின் மீன்கள்: கொடுவா, கெளிறு. வாயில் புழங்கும் சொற்கள் என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி. பஸ் பலகையில் 'நிலாவெளி', 'உப்புவெளி' வரும்போது 'வெ' எங்கே என்று கேளுங்கள். பின்னேரம் விளையாடப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். இரவில் நித்திரை தூங்கும் பிள்ளையை இழுத்து வைத்துப் படிப்பிப்பது உங்களுக்கும் வீண், அவனுக்கும் வீண்.

கணக்கு விஷயம் வேறாக இருக்கலாம். வசனக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கேட்டுவிட்டுச் சரியாகச் செய்தானென்றால் கணக்கில் குறையில்லை, அங்கேயும் வாசிப்புத்தான் மறிக்கிறது. மீன் விற்ற காசை எண்ணி மிச்சம் கொடுக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கண்ணும் காதும் பார்த்தீர்களா? பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான் நடக்கும். தரம் 1 இல் சரியாக இருந்த கண் இப்போது மாறியிருக்கலாம், அடுத்த பரிசோதனை வரை பொறுத்திருக்க வேண்டாம். திருகோணமலை பொது வைத்தியசாலையில் காட்டுங்கள், காசு செலவில்லை. காதில் சீழ் வருகிற பிள்ளையா, முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு தவணையிலும் மாற்றமில்லை என்றால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது புத்திக் குறைவு அல்ல, குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. சிறுவர் வைத்தியரிடம் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் சந்தியுங்கள். 'விசேட கல்வி' என்றதும் ஊர் என்ன சொல்லுமோ என்று யோசிப்பீர்கள். ஊர் எதற்குத்தான் சொல்லவில்லை!

வகுப்பு ரீச்சரிடம் சண்டைக்குப் போகாமல் அந்தக் கடதாசியோடு போங்கள். 'கவனமில்லை' என்றவருக்கு, 'கொம்பு வருகிற சொல்லில் தடுக்குகிறான்' என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். மூத்தவளைப் படிப்பிக்க விடவேண்டாம். அவளுக்குப் புலமைப்பரிசில் பாரமே போதும். அவளோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் இன்றோடு விடுங்கள்.

கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அடி விழும் என்று தெரிந்த பிள்ளை கொப்பியை ஒளிக்கப் பழகும். அவர் கரைக்கு வந்த நேரம் மகன் கட்டி வைத்த மட்டைச் சொல்லை வாசித்தால், அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும்.

கேள்வி: தரம் 1 மகள் இடக்கையால் எழுதுகிறாள். உம்மம்மா பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் கொடுக்கிறார். பாடசாலையில் பின்தங்கிவிடுவாளா?
- வாசகி, கிண்ணியா

பதில்: இடக்கையால் பின்தங்கமாட்டாள், பிடுங்குவதால் பின்தங்கலாம். சாப்பிட வலக்கை என்று உம்மம்மா பழக்கட்டும், பென்சில் இடக்கையிலேயே இருக்கட்டும். கொப்பியின் மேல்பக்கத்தை வலப்பக்கமாகக் கொஞ்சம் சரித்து வையுங்கள். பென்சிலை நுனியிலிருந்து சற்று மேலே பிடித்தால் எழுதியது கைக்குள் மறையாது. வகுப்பில் வாங்கின் இடது ஓரத்தில் இருத்தும்படி ரீச்சரிடம் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு முட்டிக்கொள்ளமாட்டாள்.