இறக்கை மக்களின் அரசவைக்கு வாசல் எங்கே?

உங்கள் கதையில் இறக்கை மக்களின் அரசவை வழக்கமான ராஜா அரண்மனை மாதிரியே வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பெரிய படிக்கட்டை எடுத்துவிடுங்கள். பறக்கிறவருக்குப் படி எதற்கு?

ஆண்டிஸ் மலையின் காண்டோர் கழுகைப் பாருங்கள். இறக்கையை விரித்தால் சுமார் 3 மீட்டர். மனித எடைக்கு இன்னும் அகலம் வேண்டும். ஆக, வாசல் என்பது கதவு இல்லை, பாறை விளிம்பில் நீட்டிய திறந்த மேடை. வெயில் ஏறிப் பாறை சூடாகி, காற்று மேலெழும்பும்வரை காண்டோர் காத்திருக்கும். அப்படியென்றால் உங்கள் அவையும் விடிகாலையில் கூட முடியாது. அடைமழை நாளில் வாக்கெடுப்பே நடக்காது (எதிரணிக்குக் கொண்டாட்டம்தான்).

நாற்காலிக்குச் சாய்மானம் வேண்டாம், இறக்கை இடிக்கும். அப்புறம், ஒரே ஒரு படிக்கட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: குறுகலாக, கைப்பிடி இல்லாமல், அயல்நாட்டுத் தூதர் மூச்சு வாங்க ஏறி வருவதற்கு.