குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு: குட்டியைக் கொடுத்துவிடலாமா?

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றால் போகிறது, அதற்கு இரண்டு நாள் முன்னால் புதிதாக வந்த நாய்க்குட்டிக்கும் அதே கதை, நாயிடமிருந்துதான் தொற்றியது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், குட்டியை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் அந்த முடிவை எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் "எல்லோரும்" என்றால் யார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மாமியார், ஊரிலிருந்து போன் பண்ணும் பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா. எங்கள் வீட்டிலும் இவர்கள்தான். குழந்தை சோர்ந்து கிடக்கும்போது அம்மாவின் காதில் "நாய் முடி வயிற்றுக்குள்ளே போயிருக்கும்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னால் எவ்வளவு குற்ற உணர்ச்சி வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. குழந்தையும் நாயும் வளர்ப்பவள், அவ்வளவுதான். இரண்டு மருத்துவர்களிடம் கேட்டதையும் அதன்பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். குழந்தையின் மலத்தில் ரத்தம் இருந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுத்தாலோ மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மதுரையில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். என் தம்பி வேலை பார்க்கும் இடத்தில் தெருநாய் ஒன்று குட்டி போட்டு, லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. மிஞ்சிய ஒரு குட்டியை அவன் எங்களிடம் கொண்டு வந்து விட்டான். கறுப்பு நிறம், கருப்பன் என்றே பெயர் வைத்தோம். தடுப்பூசி எதுவும் போட்டிருக்கவில்லை, வந்த உடனே போட்டுவிடலாம் என்று நாள் குறித்து வைத்திருந்தோம். அதற்குள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. வெள்ளை நுரையாக வாந்தி, மறுநாள் காலை ரத்தமும் சளியுமாகப் பேதி. அந்த நாற்றம் சாதாரண நாய் மலத்தின் நாற்றம் கிடையாது, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

கால்நடை மருத்துவர் முதலில் செய்தது, கருப்பனின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தியது. அழுத்திய இடம் வெளுத்தது, விரலை எடுத்தபிறகும் சிவப்பு உடனே திரும்பவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லை என்றார். மலத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு ஒரு சின்னக் கிட்டில் சோதித்தார், இரண்டு கோடு வந்தது. பார்வோ. ஊசி போடாத குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும் வைரஸ் இது. குடலின் உள்தோலையே அழித்துவிடும், வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். வைரஸைக் கொல்ல மருந்து என்று தனியாக எதுவும் பெரிதாக இல்லை, டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் ஊசி போட்டுக் குட்டியின் உடம்பு தானாக ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

அடுத்த நாள் என் மகளுக்கு ஆரம்பித்தது. தண்ணீர் தண்ணீராக, டயபர் தாங்காமல். அவளுக்கு அப்போது பதினாறு மாதம். என் கணவர் ஒரு பக்கம் நாயைத் தூக்கிக்கொண்டு டிரிப்ஸ் போட ஓட, நான் ஒரு பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, வீட்டில் தீர்ப்பு எழுதியே முடித்துவிட்டார்கள்.

குழந்தை மருத்துவரிடம் நான் உட்காருவதற்கு முன்னாலேயே நாயைப் பற்றிச் சொன்னேன். நாய்க்கு என்ன நோய் என்று கேட்டார். பார்வோ என்றதும், அது மனிதர்களுக்கு வராது, மனிதர்களுக்கு வரும் பார்வோ பி19 வேறு வைரஸ், பெயர் மட்டும்தான் ஒன்று என்று சொல்லிவிட்டு வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார். ஃபீடிங் பாட்டில் கொடுக்கிறீர்களா? சமீபத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா? பழ ஜூஸ் நிறையக் குடிக்கிறாளா? ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டாச்சா? கட்டடத்தில் வேறு குழந்தைகளுக்கும் இருக்கிறதா? குடிக்கவும் பாத்திரம் கழுவவும் எந்தத் தண்ணீர்?

இந்தக் கேள்விகளே பாதிப் பதில் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. சின்னக் குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ், அதில் முதல் இடம் ரோட்டாவுக்கு. தமிழ்நாட்டில் 2017லிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அதற்குச் சொட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், 6, 10, 14 வாரங்களில். மருந்து போட்ட பிறகும் வரலாம், ஆனால் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு வருவது குறைகிறது. ரத்தமும் சளியுமாகப் போனால் சீதபேதி, அது பெரும்பாலும் பாக்டீரியா. சரியாகக் கழுவாத பால் பாட்டில் நிப்பிளே ஒரு கிருமிப் பண்ணை. ஆன்டிபயாடிக் கொடுத்தாலே சில குழந்தைகளுக்கு வயிறு போகும். பல் முளைப்பதால் பேதி என்று நம் ஊரில் சொல்லாத பாட்டி கிடையாது. பல் முளைக்கும் வயதில்தான் குழந்தை தவழ்ந்துபோய்த் தரையில் கிடக்கிற எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது, கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

மற்ற குழந்தைகளுக்கு எப்படி என்ற கேள்வி மனதில் நின்றது. எங்கள் அபார்ட்மெண்ட் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதில்கள் வந்து விழுந்தன. முதல் மாடியில் இரட்டைக் குழந்தைகளுக்கு, கீழ் வீட்டில் யூகேஜி படிக்கும் பையனுக்கு, எங்களுக்கு மேல் வீட்டில் தாத்தாவுக்கு. ஒருவர் வீட்டிலும் நாய் கிடையாது. அந்த வாரம் நல்ல மழை, எங்கள் சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) இருக்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளித்தான் கழிவுநீர் சேம்பர். என் கணவர் வேலையை விட்டுவிட்டு சம்ப்புத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்தார், கோலிஃபார்ம் பாக்டீரியா, அதாவது தண்ணீரில் கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் கிருமி இருக்கிறது என்று எழுத்திலேயே வந்தது. நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர்தான். ஆனால் குழந்தையின் கிண்ணத்தையும் ஸ்பூனையும் பாட்டிலையும் கடைசியாக அலசுவது குழாய்த் தண்ணீரில், பழம் கழுவுவது அதில், குளிப்பாட்டும்போது அவள் கை நிறைய அள்ளிக் குடிப்பதும் அதைத்தான். அந்தக் காகிதத்தைப் பார்த்தபிறகுதான் வீட்டில் கருப்பனைப் பற்றிய பேச்சு அடங்கியது.

இதைப் படித்துவிட்டு "நாய் பிரியர்கள் இப்படித்தான் நாய்க்கு வக்காலத்து வாங்குவார்கள்" என்று யாராவது எழுதக்கூடும். நாயிடமிருந்து எதுவுமே வராது என்று நான் சொல்லவில்லை. கேம்பைலோபேக்டர், சால்மோனெல்லா என்ற இரண்டு பாக்டீரியாக்களும் நாய், பூனைக் குட்டிகளின் மலத்திலிருந்து குழந்தைக்கு வரலாம், அதிலும் குட்டிக்கு வயிறு போகும்போது வாய்ப்பு அதிகம். உருண்டைப் புழுவின் முட்டையும் குழந்தையின் உடம்புக்குள் போகக்கூடாத ஒன்று. அதனால் குட்டிக்கு உடம்பு சரியாகும்வரை அதைத் தனி அறையிலோ பால்கனியிலோ வையுங்கள், அதன் மலத்தை அள்ளுபவரும் குழந்தைக்கு ஊட்டுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையிடம் போக வேண்டும்.

உங்கள் குட்டிக்குப் பார்வோதான் என்று பயமுறுத்தவும் இல்லை. புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு வயிறு போவதற்குப் பெரும்பாலும் காரணம் தீனி. தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்ததை மறுநாளே பிஸ்கட், தயிர் சாதம், பசும்பால் என்று மாற்றினால் அதன் குடல் என்ன செய்யும்? பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது, பூனைக்குட்டிக்கும் இதே நிலைதான். பிரியாணி எலும்பும் மசாலாவும் இன்னொரு காரணம். அடுத்தது குடற்புழு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் புழு வந்துவிடும், அதனால் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். குட்டி துள்ளி விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, மலம் மட்டும் இளகிப் போனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். சாப்பாட்டை வெறுத்து, வாந்தியோடு, சுருண்டு படுத்தால் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். மனிதர் சாப்பிடும் பேதி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரே மாத்திரையில்கூட உயிர் போய்விடலாம்.

இப்போது குழந்தை விஷயத்தில் முக்கியமானது. காரணம் எதுவாக இருந்தாலும் முதல் மருந்து ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் பவுடர். 1971ல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்மில் வைத்து, அம்மாக்களையே குழந்தைகளுக்குக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அம்மா கையால் கொடுத்தே உயிர் பிழைக்க வைக்கும் மருந்து இது. பாக்கெட்டில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் முழுசாக 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கொட்ட வேண்டும், 200 மில்லி பாக்கெட் என்றால் 200 மில்லி. டம்ளரில் கண்ணளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. நான் பாலாடையில்தான் கொடுத்தேன், மடமடவென்று ஊற்றினால் வாந்தி வரும், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடியும் சொட்டுச் சொட்டாக. கூடவே துத்தநாகம், அதாவது ஜிங்க், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம் 14 நாள், பேதி நின்ற பிறகும் முடிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது.

மெடிக்கலில் ஓஆர்எஸ் கேட்டபோது ஆரஞ்சுச் சுவையில் ஒரு அட்டை டப்பாவை எடுத்து நீட்டினார்கள். பின்னால் திருப்பிப் படித்தால் முழுக்கச் சர்க்கரை. பேதியில் இருக்கும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை போனால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உள்ள பவுடர்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். 2025 அக்டோபரில் இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற வார்த்தையே வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது, ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்காகப் போராடியதற்குக் கிடைத்த பலன். அந்த அம்மாவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொன்று. "தொக்கம் எடுத்தால் (வயிற்றில் சிக்கியதாகச் சொல்லும் உணவை வெளியே எடுப்பது) சரியாகிவிடும்", "சீர் தட்டியிருக்கிறது, மந்திரிக்கணும்" என்று கூட்டிப்போகச் சொல்வார்கள். மந்திரிப்பதால் கெடுதல் வராது, நம்பிக்கை இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே செய்யுங்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று குழாய் வைத்து ஊதி உறிஞ்சுவதற்குக் குழந்தையைக் கொடுக்காதீர்கள். இதற்காக என்னைப் பெரியவர்களை மதிக்காதவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சம்ப்புத் தண்ணீர் ரிப்போர்ட்டை அசோசியேஷனில் காட்டியபோது, தண்ணீரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள், நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணியைத் தடை செய்யவோ லிஃப்டைப் பயன்படுத்தவிடாமல் செய்யவோ முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். அப்போதும் செயலாளர், "இதெல்லாம் படிச்சவங்க பேசறது, குழந்தைகள் இருக்கிற இடம்மா இது" என்றார். அந்தக் குழந்தைகளின் தண்ணீரில் சாக்கடை கலந்ததுக்கு சேம்பரைச் சரிசெய்யப் பணம் வசூலிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் நோட்டீஸ் போர்டில் வீட்டு எண்ணை எழுதிப்போடுகிற ஆள் அவர்.

சரி, உங்கள் விஷயம். கருப்பன் பிழைத்துவிட்டான், என் மகளும் தேறிவிட்டாள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கும், சாதாரண பினாயிலுக்கு அடங்காது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும், குழந்தையை அந்தப் பக்கம் விடாமல். குட்டிக்கு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம்வரை போட வேண்டும், ஒரு ஊசியோடு முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் குட்டிக்கு எத்தனை வாரம் ஆகிறது, ஊசி ஏதாவது போட்டிருக்கிறதா, என்ன தீனி கொடுக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் வயிறு சரியில்லையா என்று கீழே எழுதுங்கள். தண்ணீர் சம்ப்பா, லாரியா, மாநகராட்சிக் குழாயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.