அம்மாவின் ஒன்பது மணி ஃபோன்

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூரு மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் தங்கி ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக ராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லி டாக்டர் ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் டெல்லிக்காரர், ஆன்லைனில்தான் பேசுகிறோம். மைண்ட்ஃபுல்னஸ் என்று மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். கவனித்தால் படபடப்பு கூடுகிறது. அம்மா தினமும் ஒன்பது மணிக்கு ஃபோன் செய்வதை வாரம் இரண்டாகக் குறைக்கச் சொன்னார், 'பவுண்டரி', அதாவது உறவில் ஒரு எல்லை, வேண்டுமாம். வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் என் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. கூச்சத்தில் அதை அவரிடம் சொல்லவில்லை. நம் தியானத்தையே வெள்ளைக்காரன் பெயர் மாற்றி நமக்கு விற்கிறானோ என்றும் தோன்றுகிறது. தமிழ் தெரிந்த தெரபிஸ்டாகப் பார்த்து மாறிவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

விற்கிற கதையை முதலில் தள்ளிவைப்போம். 1979இல் ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில், வலி தீராத நோயாளிகளுக்காகப் பௌத்த தியானத்திலிருந்து எடுத்து மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். அதற்குப் பத்து வருடம் முன்பே எஸ்.என்.கோயங்கா பர்மாவில் கற்ற விபாசனா என்ற பௌத்த தியானத்தை மும்பைக்குக் கொண்டுவந்துவிட்டார். போனதும் வந்ததும் பல வழியில். மூச்சு முட்டுகிற ராத்திரியில் அது யாருடைய சொத்து என்ற வழக்கு உங்களுக்கு எதற்கு?

படபடப்பு கூடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. உங்கள் பயமே மூச்சில்தான் இருக்கிறது, அதையே உற்றுப் பார்த்தால் கூடத்தான் செய்யும். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் பதிவதை, ஃபேன் சத்தத்தைக் கவனியுங்கள். தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அது தோல்வி இல்லை. ஆனால் இதை எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் சொன்னீர்களா? முகம் தெரியாத எனக்கு ஒரு பக்கம் எழுத முடிகிறது, காசு கொடுத்து வாராவாரம் பார்க்கிறவரிடம் 'பரவாயில்லை மேடம்' என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

சம்பளத்தையும் கடனையும் மறைத்ததுதான் எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் ஃபோன் செய்து மகளைப் படுத்தும் ஒரு அம்மா. அந்த அம்மா ஒன்பது மணிக்குக் கேட்பது 'சாப்பிட்டியா' மட்டும்தானா, இல்லை 'இந்த மாசம் தவணை எப்போ அனுப்புவே' என்பதும் சேர்த்தா? அதை நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் இருந்துவிட்டு, நம் பண்பாடு அவருக்குப் புரியவில்லை என்று மாறப் பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் அவரும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. பண்பாட்டைப் புரிந்து சிகிச்சை தருகிறோம் என்கிறவர்கள் இந்த ஊரில் இப்போது நிறைய. அறையில் ஒரு புத்தர் சிலை, ஒரு குத்துவிளக்கு, பேச்சில் இரண்டு கீதை வரி. பண்பாடு அதில் இல்லை. வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுக்கிறார்கள், யார் முதலில் எழுகிறார்கள், சம்பளம் யார் கைக்குப் போகிறது, நீங்கள் அழுதால் யாருக்குக் கேட்கும் — அதில் இருக்கிறது.

என் அத்தை அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தாள். ஒரே அறை, ஆறு பேர். அவளுக்கும் உங்களை மாதிரித்தான், நெஞ்சைப் பிசைகிறது என்பாள், கை கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஈ.சி.ஜி. எல்லாம் சுத்தம். முதலில் பார்த்த ஆலோசகர், அமைதியான இடத்தில் கண்ணை மூடி முக்கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். கபட்-ஜின் பயிற்சியிலும் அந்த முக்கால் மணி வீட்டுப்பாடம் உண்டு, கற்பனை இல்லை. அல்சூர் சந்தில் அந்த அமைதியான இடம் எங்கே இருக்கிறது? கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் 'இவளுக்கு ஏதோ புடிச்சிருக்கு' என்று மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போவாள். அத்தை போவதையே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் ஒரு அரசு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த ஒரு பெண் கிடைத்தாள். கன்னடக்காரி, அரைகுறைத் தமிழ். அவள் கேட்டது ஒன்றுதான்: 'நாள் பூரா உங்களை யாரும் கூப்பிடாத நேரம் எது அம்மா?' அத்தை யோசித்து, தண்ணி வர்ற நேரம் என்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் காவேரித் தண்ணீர் வரும், வீடே தூங்கும், அவள் மட்டும் குழாயடியில் நிற்பாள். சரி, அங்கேயே செய்யுங்கள் என்றாள் அந்தப் பெண். கண்ணை மூட வேண்டாம். குடத்தின் கழுத்தில் கை வையுங்கள், சில்லென்று ஏறுவதைக் கவனியுங்கள். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறும், அதோடு போங்கள். மனசு வேறெங்காவது போனால் சத்தத்துக்குத் திரும்பி வாருங்கள். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. நீலப் பிளாஸ்டிக் குடம், அடியில் தடதடவென்று ஆரம்பித்து மேலே வர வரக் குரல் மெலிந்து கீச்சென்று முடியும், எனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து, அத்தையின் சம்மதத்தோடு, அந்தப் பெண் மாமாவையும் உள்ளே கூப்பிட்டாள். அத்தை நடிக்கிறாள் என்று அதுவரை நம்பிய மனிதர் அவர். படபடப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் அது வந்தால் மாமா பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

இது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் இங்கே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் வழக்கம் வந்தது. அவ்வளவு இருந்தும், லேப்டாப் திரைக்குள் வந்ததும் நோயாளி தனி ஆளாகிவிடுகிறார், பின்னால் ஒரு வீடே இல்லாதது போல. எல்லாக் குடும்பத்தையும் உள்ளே விடச் சொல்லவில்லை. அடிக்கிற கணவனை, கழுத்தை நெரிக்கிற அப்பாவைத் தூர வைக்கத்தான் வேண்டும், அங்கே பவுண்டரி உயிர் காக்கும். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே மருந்தாக எழுதித்தரக் கூடாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உடனே மாற வேண்டாம். அடுத்த அமர்வில் பணக் கதை முழுவதையும் சொல்லுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அம்மாவிடம் பேச மாட்டார், சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. கேட்டபிறகும் 'ஃபோனை எடுக்காதே' என்று மட்டும் சொன்னால் தாராளமாக வேறு ஆள் பாருங்கள், அவர் தமிழராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு அம்மா ஃபோன் செய்யும்போது கடன் பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்டிடம் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா