ஹாலில் கிடக்கும் கட்டில்

கேள்வி: எனக்கு வயது 43. காரைக்குடியில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. 9,000 ரூபாய் வாடகையில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். ஏழு வருடத்தில் இது மூன்றாவது வீடு. மகனுக்குக் கல்யாணம், மகள் திரும்பி வருகிறாள் என்று வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்லிக் காலி செய்யவைத்துவிடுகிறார்கள். கொடுக்கிற வாடகை எல்லாம் தண்டம் என்கிறாள் மனைவி. இப்போது ஒன்பது வருடம் பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாவது மாடி வீடு 40 லட்சத்துக்கு வருகிறது. இரண்டு படுக்கையறை, லிஃப்ட் இல்லை. 30 லட்சம் வங்கிக் கடன், 20 வருடம். ஊரில் இருக்கும் பெரிய வீட்டில் எங்கள் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் 8 லட்சம் தருவதாகச் சொல்கிறார். என் சேமிப்பு 2 லட்சம். ஆத்தாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பங்கில் ஓர் அறையில் ஆத்தாவின் சீர்ச் சாமான்கள் பூட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அப்பச்சி (அப்பா) தவறிப்போன பிறகு ஆத்தா எங்களோடுதான் இருக்கிறார்கள், 71 வயது. ஓர் அறையில் நாங்கள், ஓர் அறையில் ப்ளஸ் ஒன் படிக்கும் மகள். ஆத்தா ஹாலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார்கள், பழகிவிட்டது. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். வாங்கலாமா, வாடகையிலேயே இருந்துவிடலாமா?

பதில்: தம்பி, வீட்டின் வயதை எழுதியிருக்கிறீர்கள், கடனின் வயதை எழுதியிருக்கிறீர்கள். ஆத்தா எத்தனை வருடமாக ஹாலில் படுக்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

டிவியை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள்? அதற்கு முன்னால் அவர்களுக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்கிறார்கள்? உங்களைப் பார்க்க யாராவது வந்தால் கட்டிலிலிருந்து எழுந்து எங்கே போகிறார்கள்? குளித்துவிட்டு வந்து சேலை மாற்ற எந்த அறைக் கதவைத் தட்டுகிறார்கள்? காய்ச்சல் அடிக்கிற நாளில் பகலில் கொஞ்சம் படுக்க வேண்டுமென்றால் சாத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு கதவு உண்டா? பழகிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். அவர்களைக் கேட்டீர்களா? கேட்டால் "எனக்கென்னப்பா, நான் எங்கேயும் படுத்துக்குவேன்" என்றுதான் சொல்லுவார்கள். எத்தனை வீட்டில் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன்! அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய வீட்டிலும் எல்லாரும் முற்றத்து வளவிலும் பட்டாலைத் திண்ணையிலும் பாய் போட்டுத்தானே படுத்தார்கள் என்று சொல்ல நினைப்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் ஆத்தாவைத் தனிக் குடும்பமாக வேறு வைத்தபோது அவர்கள் புள்ளிக்கென்று, அதாவது அந்தக் கணவன் மனைவிக்கென்று, ஓர் அறையும் கொடுத்தார்கள். எத்தனை பேர் புழங்கிய வீடாக இருந்தாலும் அந்த அறையின் சாவி அவர்கள் இடுப்பில் இருந்தது, இன்றைக்கும் அவர்களிடம்தான் இருக்கும். மாமியார்கூட அவர்களைக் கேட்காமல் அதைத் திறந்திருக்க மாட்டார். உலகத்திலேயே அவர்கள் பூட்டித் திறக்க உரிமையுள்ள கதவு அது ஒன்றுதான். அதை விற்று, அவர்கள் மறுபடியும் ஹாலில் படுக்கப்போகிற ஒரு வீட்டை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அதுவும் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல். 71 வயதில் ஒரு நாள் ஏறினால் மறுநாள் இறங்க மாட்டார்கள். கோயிலும் பக்கத்து வீட்டுப் பேச்சும் அதோடு சரி. தனி வளை என்று பழமொழி சொன்னீர்களே, அந்த வளையில் ஆத்தாவுக்கு எது தனி?

இதற்கு முதல் மருந்து இன்றைக்கு ராத்திரியே இருக்கிறது. அந்தக் கட்டிலைத் தூக்கி மகள் அறையில் போடுங்கள். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்குத் தனி அறை இல்லாவிட்டால் படிப்பு கெட்டுவிடும் என்பதெல்லாம் நேற்று வந்த பேச்சு. அப்பத்தா ஒரு பக்கம் படுத்திருக்க, மேசை விளக்கில் படித்துத் தேறிய பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு உங்களை எங்கே படுக்கவைப்பது என்பதையும் அவள் இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30 லட்சத்துக்கு 20 வருடத் தவணை மாதம் 26,035 ரூபாய். மொத்தம் 62 லட்சத்து 48 ஆயிரம் கட்டுவீர்கள், கட்டி முடிக்கும்போது வயது 63. எந்தத் தனியார் நிறுவனம் அதுவரைக்கும் சம்பளம் கொடுக்கும்? வாடகை தண்டம் என்கிறார் உங்கள் வீட்டு ஆச்சி. முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது, அதற்கு என்ன பெயர் வைப்பார்? ஐந்து வருடத்தில் 15,62,000 கட்டியிருப்பீர்கள், அசலில் மூன்றரை லட்சம் சொச்சம்தான் குறைந்திருக்கும். 40 லட்சம் வீட்டைப் போன்ற ஒன்றில் இப்போது வருடத்துக்கு 1,08,000 கொடுத்துக் குடியிருக்கிறீர்கள், அதாவது விலையில் 2.7 சதவீதம். அந்தக் குடியிருப்பையே 8.5 சதவீத வட்டிக்கு வாங்கப் போகிறீர்கள். விலை ஏறுமே என்பீர்கள். மனை ஏறலாம். ஒன்பது வருடம் பழைய அடுக்குமாடியில் உங்கள் பெயருக்கு வருகிற மனை எத்தனை சதுர அடி என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். வரிக் கழிவை நம்பியிருந்தால் அதுவும் பழைய வரி முறையில்தான். குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது.

பதிவுச் செலவு உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். அதற்கு வங்கி கடன் தராது. எட்டும் இரண்டும் பத்து, அது வீட்டு விலைக்கே சரியாகப் போய்விட்டது. இந்த மூன்றரை லட்சம் எங்கிருந்து வரும்? மனைவி கழுத்தைப் பார்ப்பீர்கள். வாடகை தண்டம் என்று சொன்னவருக்கு இதையும் சொல்லிவிட்டீர்களா?

நம் பக்கத்தில் வாடகை வீடு என்றால் ஒரு கூச்சம் உண்டு. இதே காரைக்குடியில் ஆயிரம் சன்னல் வைத்துக் கட்டிவிட்டுப் போனவர்களின் பேரன் வாடகைக்கு இருப்பதா என்று. இந்தக் கூச்சத்துக்கு அர்த்தமே இல்லை. அந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய செட்டியார் ஐயாக்கள் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் எங்கே இருந்தார்கள்? கிட்டங்கி என்கிற பொதுக் கடைவீட்டில் ஒரு பெட்டியும் பாயும் கொள்ளுகிற இடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் படுத்து எழுந்து வட்டித் தொழில் செய்தார்கள். யாரும் அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. சொத்து கையை விட்டுப் போனது எதில் தெரியுமா? பர்மாவில், அவர்கள் கேட்காமலே கைக்கு வந்த நிலத்தில். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் போக, 1938இல் அது 25 சதவீதம் ஆனது. பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாக வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது அதை மடியில் கட்டிக்கொண்டு வர முடியவில்லை, 1948இல் பர்மா அரசே நிலத்தை எடுக்கச் சட்டம் போட்டது. இந்த மண்ணில் பிறந்தவர் சொந்தம் என்றால் பத்திரம், பத்திரம் என்றால் பத்திரமாக இருப்பது என்று நினைப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சொந்த வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் நின்ற பிறகு வாடகை கொடுப்பது கஷ்டம், அறுபது வயதில் சாமானை ஏற்றி இறக்குவது அதைவிடக் கஷ்டம். மூன்று அறை, தரைத் தளம், உங்கள் 58 வயதுக்குள் முடிகிற கடன் என்று அமைந்தால் வாங்குங்கள். அதற்குக் காத்திருக்கிற நாளில் தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் தனியாகப் போட்டுவையுங்கள். போடாமல் செலவழித்தால் நான் சொன்ன கணக்கு எதுவும் நிற்காது, உங்கள் மனைவி சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது மூன்று அறை உள்ள, தரைத் தளத்து வாடகை வீடு. 14,000 ஆனாலும் உங்கள் சம்பளம் தாங்கும். காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள் என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் எழுத்தில் என்ன வைத்திருந்தீர்கள்? பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்தால் அப்படித்தான் நடக்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காலம் முடிவதற்குள் சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். முகம் சுளிக்கிற வீட்டுக்காரரை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.

பெரிய வீட்டுப் பங்கைப் பற்றி ஒன்று. அப்பச்சி உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கில் ஆத்தா, அக்கா, நீங்கள் மூவரும் சமம், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனோடு சம இடம். "கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்" என்று ஒரே வரியில் இருவரையும் தாண்டிவிட்டீர்கள். எட்டு லட்சத்தில் அவர்களுக்கு எவ்வளவு என்ற பேச்சே இல்லை. அந்த வீட்டுக்காக நான் அழவில்லை. ஓடு மாற்றவும் மழைநீர் இறங்காமல் பார்க்கவும் ஆள் இல்லாத வீடு எப்படியும் ஒருநாள் விழும். பங்காளிகள் ஒத்துப்போகாமல் பிரித்து விற்ற தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. (கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்கள் அப்படி ஓர் அறையில் ஒரு ராத்திரி படுக்கக் காசு கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.) விற்பதென்றால் ஆத்தா விற்கட்டும். முதலில் அவர்களை ஊருக்கு அழைத்துப் போங்கள், அறையைத் திறந்து சாமானை அவர்களே பார்க்கட்டும். எதை வைத்துக்கொள்வது, எதைப் பேத்திக்கும் மகளுக்கும் கொடுப்பது என்று அவர்கள் சொல்லட்டும். அப்புறம் பத்திரம்.

விற்ற பணத்தில் ஆத்தா பங்கு அவர்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இப்போது 8.2 சதவீதம் தருகிறது. அக்காவும் நீங்களும் உங்கள் பங்கை ஆத்தாவுக்கே விட்டுக்கொடுத்து எட்டு லட்சத்தையும் அதில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் அவர்கள் கணக்கில் விழும். மாதத்துக்குப் பார்த்தால் ஐந்தாயிரத்துச் சொச்சம், புது வீட்டு வாடகை கூடுகிற அளவுக்குச் சரியாக இருக்கிறதே என்று உங்கள் கணக்குப் புத்தி உடனே சொல்லும். அதைத் தொடாதீர்கள். கோயிலுக்குப் போட்டாலும், பேத்திக்குத் தோடு வாங்கினாலும் அது அவர்கள் காசு.

மூன்று அறை வீடு பார்க்கப் போகும்போது ஆத்தாவையும் கூட்டிப்போங்கள். கழிப்பறை அவர்கள் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்று அவர்கள் கண் உங்களைவிட நன்றாகப் பார்க்கும். பெரியப்பச்சி மகனிடம் தை மாதம் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்று அவர் அவசரப்படுத்தினால், எட்டு லட்சம் குறைவான விலை என்று வைத்துக்கொண்டு வெளியில் விசாரியுங்கள்.