பழைய படங்களில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் லலிதாவும் பத்மினியும் வந்து ஆடுவது ஏன்?

திருவனந்தபுரத்தில் பிறந்த அக்கா தங்கைகள் லலிதா, பத்மினி, ராகினி மூவரும் திருவாங்கூர் சகோதரிகள் என்ற பெயரில் ஆடினார்கள், குரு கோபிநாத்திடம் நாட்டியம் கற்றவர்கள். 1948-இல் உதயசங்கரின் 'கல்பனா'வில் பத்மினி திரைக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் நடனம் கதையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கூட்டத்தை இழுக்கும் தனிச் சரக்கு அது, அரசவை ஒன்றைக் காட்டி அதில் இவர்களை ஆடவிட்டால் போதும். கல்யாண வீட்டில் கச்சேரிக்கு ஆள் பேசுவது போலத்தான்: பாடுகிறவர் மாப்பிள்ளைக்குச் சொந்தமா என்று யாராவது கேட்கிறோமா?

ஆனால் பத்மினி அதோடு நிற்கவில்லை. 1951-இல் 'மணமகள்' நாயகி, 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் வைஜயந்திமாலாவோடு அந்தப் போட்டி நடனம் (லீலாவும் ஜிக்கியும் பாடியது, இன்றைக்கும் சலிக்காது).

அப்புறம், 1961-இல் டாக்டரைக் கல்யாணம் செய்ததும் நடிப்பை விட்டுவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு, 'தில்லானா மோகனாம்பாள்' வந்ததே 1968-இல்தான், நியூஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கியது அதற்கும் பிறகு.