படிக்க வராத எழுத்து

அன்புள்ள ஐயாவுக்கு,

சென்ற மாதம் திருவனந்தபுரம் போனபோது மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தேன். ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களில் மலையாள எழுத்து மாதிரியே ஏதோ நிறைந்து கிடக்கிறது. எனக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்க வரும். கிட்டப் போய் எழுத்துக் கூட்டிப் பார்த்தும் ஒரு வார்த்தை தேறவில்லை. பக்கத்தில் நின்ற மகள் சிரித்துவிட்டாள். படிக்க முடியாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்? இது ஏமாற்று இல்லையா?

வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

அதை யாராலும் படிக்க முடியாது. படிப்பதற்காக அவர் எழுதவும் இல்லை.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து நாங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. பஸ் போர்டில் இருந்ததெல்லாம் எனக்குச் சுழியும் கொக்கியும்தான். (ஜிலேபி என்று கிண்டல் செய்வோமே, நானும் செய்திருக்கிறேன்.) ஆனால் கொடுவாயூர் பஸ்ஸை வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். முதலில் ஒரு கொக்கி, கடைசியில் வால் தூக்கிய ஓர் எழுத்து. அப்புறம் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தேன். இப்போது அந்தப் போர்டைப் பார்த்தால் ஊர்ப்பெயர்தான் தெரிகிறது, வால் தெரிவதில்லை.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்து, பின்னாளில் அதற்கே முதல்வரானவர். 1966இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக முன்னின்றார். பத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் அங்கே ஓவியர்கள் பிழைத்தார்கள். ஆரம்பத்தில் அவர் போட்டதெல்லாம் யாருக்கும் புரிகிற நீர்வண்ண நிலக்காட்சிகள். வரையத் தெரியாமல் இந்தப் பக்கம் ஒதுங்கியவர் இல்லை. 1963இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. எண்கள், கோடுகள், வடிவங்களின் தலையில் எழுத்துகள். கணக்கு சரியா தப்பா என்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்க எப்படி இருந்தது என்பதே போதுமாக இருந்தது. ஜாதகக் கட்டமும் மலையாள எழுத்தின் சாயலும் அதோடு வந்து சேர்ந்துகொண்டன.

ஜாதகம் என்றதும் எனக்கு எங்கள் தாத்தாவுடையதுதான் நினைவுக்கு வரும். தகரப்பெட்டியில் மஞ்சள் துணி சுற்றிக் கிடக்கும். வீட்டில் ஒருத்தருக்கும் படிக்க வராது, ஜோசியர் வந்தால்தான் அது பேசும். ஆனாலும் கை கழுவாமல் யாரும் தொட மாட்டோம். படிக்க வராததாலேயே அதற்கு அவ்வளவு கனம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பணிக்கரின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்த வாசனை எனக்கு வரும்.

உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறும் இல்லை. சாக்கையும் செய்தித்தாளையும் ஒட்டி, மேலே நாலு கிரந்த எழுத்தைத் தூவினால் அரூப ஓவியம் (அதாவது உருவம் காட்டாத ஓவியம்) ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஏமாற்று என்ற சொல்லைத் தாராளமாகவே பயன்படுத்துங்கள். அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பணிக்கரிடம் ஒரு சுழியை அழித்தால் அந்த மூலையே தொய்ந்துவிடும்.

உங்கள் மகளுக்குத் தமிழ் படிக்க வருமா? நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பேச்சு மட்டும்தான் தமிழ், அதனால் கேட்கிறேன். வராதென்றால் இந்தப் பதிலை அவளிடம் ஒரு நிமிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.